இளம் பல்சாரின் திடீர்த் துள்ளலைப் பிடிப்பது எப்படி: எக்ஸ் கதிர்த் தரவிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

நம் பால்வழிக்கு அருகிலுள்ள சிறு விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில், டாரண்டுலா நெபுலாவுக்குப் பக்கத்தில், என்157பி என்றொரு சூப்பர்நோவா எச்சம், அதாவது வெடித்துச் சிதறிய விண்மீனின் மிச்சம், இருக்கிறது. அதற்குள் ஒரு நியூட்ரான் விண்மீன் நொடிக்கு 62 முறை சுழன்றுகொண்டிருக்கிறது. பிஎஸ்ஆர் ஜே0537−6910 என்பது அதன் பட்டியல் பெயர். இப்படிச் சுழலச் சுழலச் சீராகத் துடிப்பதுபோல் தெரியும் நியூட்ரான் விண்மீனைப் பல்சார் என்பார்கள். ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் இந்தப் பல்சாரை 1998-இல் ஆர்எக்ஸ்டிஇ என்ற எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோளின் தரவில் கண்டுபிடித்தார்கள். வானொலித் தொலைநோக்கிகளில் இதன் துடிப்பு சிக்கவில்லை. எக்ஸ் கதிரில் மட்டும் 16 மில்லி நொடிக்கு ஒருமுறை துடிக்கிறது.

எல்லாப் பல்சார்களையும் போல இதன் வேகமும் நாளுக்கு நாள் குறைகிறது. ஆனால் சராசரியாக 100 நாளுக்கு ஒருமுறை, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், சுழற்சி சட்டென்று ஒரு படி ஏறிவிடுகிறது. வானியலாளர்கள் இதைக் கிளிட்ச் என்பார்கள். நான் துள்ளல் என்றே எழுதுகிறேன். இவ்வளவு பெரிய துள்ளல்களை இவ்வளவு அடிக்கடி போடும் பல்சார் வேறு அறியப்படவில்லை.

இந்தத் துள்ளல்களில் ஒன்றை இலவசமாகக் கிடைக்கும் தரவிலிருந்து நீங்களே கண்டெடுத்து அளப்பதற்கான வழிமுறைதான் இது. பிளஸ் டூ இயற்பியல், கொஞ்சம் பைத்தான், ஒரு மடிக்கணினி, நிறையப் பொறுமை இருந்தால் போதும். பொறுமையை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்பது ஐந்தாம் படியில் விளங்கும்.

இறங்குவதற்கு முன்

முதல் துள்ளல் பதிவானது 1969-இல், வேலா பல்சாரில். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் அப்போது வேலை செய்துகொண்டிருந்த வி. ராதாகிருஷ்ணனும் ஆர். என். மான்செஸ்டரும் அதை அறிவித்தார்கள். ராதாகிருஷ்ணன் சென்னை தண்டையார்பேட்டையில் பிறந்தவர், சர் சி. வி. ராமனின் மகன். அமெரிக்காவிலிருந்து ரைக்லி, டவுன்ஸ் இருவரும் அதே நிகழ்வைத் தனியாகக் கண்டிருந்தார்கள். 89 மில்லி நொடிச் சுழற்சிக் காலத்தில் குறைந்தது ஏறத்தாழ 200 நானோநொடி மட்டுமே. அந்தச் சிறு அளவு நியூட்ரான் விண்மீனின் உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வியைத் திறந்துவிட்டது.

இரண்டு அளவுகளை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஒன்று அதிர்வெண்: நம் பல்சாருக்கு 1990களின் இறுதியில் 62 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேல், 2020 வாக்கில் 61.9 ஹெர்ட்ஸ். மற்றது வேகக்குறைவு, அதாவது அதிர்வெண் குறையும் வீதம்: நொடிக்கு 2×10⁻¹⁰ ஹெர்ட்ஸ். இதை நாள் கணக்குக்கு மாற்றினால் நாளொன்றுக்கு 17 மைக்ரோஹெர்ட்ஸ். நீங்கள் தேடும் வழக்கமான துள்ளலின் அளவோ 10, 20, 30 மைக்ரோஹெர்ட்ஸ். மிகப் பெரியவை 40-ஐத் தொடும். அதாவது 100 நாளாக இழந்ததில் ஓரிரு நாள் இழப்பு மட்டும் ஒரே அடியில் திரும்பக் கிடைக்கிறது. இந்த விகிதத்தைப் பின்னால் பார்ப்போம்.

1. எந்தத் தரவு?

ஆர்எக்ஸ்டிஇ 1995 டிசம்பர் இறுதியில் ஏவப்பட்டு 2012 ஜனவரியில் ஓய்வு பெற்றது. 1999 முதல் இந்தப் பல்சாரை அது ஏறத்தாழ 13 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அந்தத் தரவை மறுபடி அலசிய ஒரு குழு 45 துள்ளல்களைக் கணக்கிட்டது. இன்னொரு குழு 42 என்றது. ஒரே தரவில் இரண்டு விடை வருவதைப் பார்த்து மிரள வேண்டாம். சிறிய துள்ளலுக்கும் சாதாரணச் சுழற்சித் தடுமாற்றத்துக்கும் இடையே கோடு கிழிப்பதில் வரும் கருத்து வேறுபாடு அது.

2017-இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்ட நைசர் என்ற எக்ஸ் கதிர்க் கருவி வேலையைத் தொடர்ந்தது. முதன்முதலாக இறங்குகிறவர்களுக்கு நான் நைசரைத்தான் பரிந்துரைப்பேன். ஆர்எக்ஸ்டிஇ தரவு அடர்த்தியானது, ஆனால் அதன் கோப்பு வடிவங்கள் பழையவை. அவற்றோடு மல்லுக்கட்டுவதிலேயே ஆர்வம் வடிந்துவிடும். நைசரில் ஒவ்வொரு ஃபோட்டானும் வந்த நேரமும் ஆற்றலும் வரிசையாகப் பட்டியலிடப்பட்டிருக்கும். 2017–2020 காலத் துள்ளல்கள் எட்டும் ஆய்விதழில் வெளியாகிவிட்டன. உங்கள் விடையை ஒப்பிட்டுச் சரிபார்க்க அது உதவும்.

தரவு நாசாவின் ஹீசார்க் காப்பகத்தில் இருக்கிறது. பல்சாரின் பெயரைக் கொடுத்துத் தேடினால் கண்காணிப்புப் பட்டியல் வரும். எல்லாவற்றையும் இறக்காதீர்கள். வெளியான ஒரு துள்ளல் தேதியை எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ இரண்டு மாதத் தரவை மட்டும் இறக்குங்கள்.

2. மென்பொருள், வடிகட்டல்

நாசாவின் ஹீசாஃப்ட் மென்பொருள் தொகுப்பும் அதற்குரிய அளவீட்டுத் தரவுத்தளமும் வேண்டும். இவை லினக்ஸ், மேக் கணினிகளில் ஓடும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள் லினக்ஸை நிறுவிக்கொள்ளலாம். நிறுவுவதே தலைவலி என்றால் சைசெர்வர் என்ற இணையத் தளத்தில் எல்லாம் தயாராக இருக்கிறது. பைத்தான் பக்கம் ஸ்டிங்ரே, பிண்ட் ஆகிய இரு நூலகங்கள் போதும். பழகிய கை, பல்சார் நேரக் கணக்குக்கான பழைய நிரலான டெம்போ2-ஐக் கேட்கும், அதுவும் சரிதான்.

நைசருக்கான வழக்கமான வடிகட்டலை ஓட்டிய பிறகு 1 முதல் 7 கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரை உள்ள ஃபோட்டான்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே துடிப்பில்லாத பின்னணி வெளிச்சம் மிகுதி. அதற்கு மேலே பல்சாரின் ஃபோட்டான்கள் அருகிவிடும். இந்தப் படியில் வேறு பெரிய நுணுக்கம் இல்லை.

3. நேரத்தைத் திருத்துதல்

இங்கே அவசரப்பட்டால் பின்னால் வரும் எல்லாமே வீண். பூமி சூரியனைச் சுற்றுகிறது, விண்வெளி நிலையம் பூமியைச் சுற்றுகிறது. எனவே ஃபோட்டான் கருவியைத் தொட்ட நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சூரியக் குடும்பத்தின் நிறை மையத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் அது எப்போது வந்திருக்கும் என்று மாற்ற வேண்டும். பேரிகார் என்ற கருவி இதைச் செய்கிறது. விண்வெளி நிலையம் எப்போது எங்கே இருந்தது என்று சொல்லும் சுற்றுப்பாதைக் கோப்பையும் அதற்குத் தர வேண்டும்.

சுற்றுப்பாதைக் கோப்பை மறந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். விண்வெளி நிலையத்தின் சுற்றுப்பாதை ஆரம் ஏறத்தாழ 6,780 கிலோமீட்டர். ஒளி அதைக் கடக்க 22 மில்லி நொடிக்கு மேல் ஆகும். நம் பல்சாரின் ஒரு முழுச் சுற்று 16 மில்லி நொடி. அதாவது ஒன்றரை மணி நேரத்துக்குள் துடிப்பு ஒரு சுற்றுக்கும் அதிகமாக முன்னும் பின்னும் ஊசலாடிவிடும். மடித்துப் பார்த்தால், அதாவது எல்லாச் சுற்றுகளின் ஃபோட்டான்களையும் ஒரே சுற்றின் மேல் அடுக்கிப் பார்த்தால், துடிப்பே தெரியாது.

பெரிய மெகல்லன் மேகம் பூமியின் சுற்றுப்பாதைத் தளத்துக்குக் கிட்டத்தட்ட நேர் செங்குத்தில் இருக்கிறது. எனவே பூமி ஆண்டு முழுவதும் சுற்றினாலும் இந்தப் பல்சாரை நோக்கி அதிகம் நெருங்குவதும் இல்லை, விலகுவதும் இல்லை. சுற்றுப்பாதைத் தளத்தில் இருக்கும் மூலத்துக்கு 499 நொடி வரை வரும் திருத்தம் இதற்கு 29 நொடி அளவில் அடங்கிவிடுகிறது. சூரியனும் ஆண்டின் எந்தப் பருவத்திலும் குறுக்கே வராது.

இதைப் பார்த்து, இடம் கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வடிவியல் இங்கே நேர்மாறாக வேலை செய்கிறது. திருத்தம் சிறிதாக இருக்கும் இதே திசையில்தான் இடப் பிழையின் விளைவு உச்சத்தில் இருக்கிறது: ஒரு விகலை (ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை) பிசகினால் 2.4 மில்லி நொடி, அதாவது சுற்றில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு, ஆண்டு அலையாக உங்கள் வரைபடத்தில் ஏறிவிடும். சில வாரத் தரவில் அந்த அலையின் ஒரு துண்டு மட்டும் தெரியும். அசப்பில் சிறு துள்ளலைப் போலவே இருக்கும். ஆகவே சந்திரா எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கி அளந்த வான் இடத்தையே கொடுங்கள்: வல ஏற்றம் 5 மணி 37 நிமிடம் 47.4 நொடி, நடுவரை விலக்கம் −69 பாகை 10 கலை 20 விகலை. கோள்கள் எப்போது எங்கே இருக்கும் என்று சொல்லும் கோள் நிலைப் பட்டியலும் இந்தத் திருத்தத்துக்கு வேண்டும்; எதை எடுத்தாலும் தொடக்கம் முதல் முடிவு வரை அதையே வைத்திருங்கள்.

4. துடிப்பைக் கண்டுபிடித்தல்

இப்போது ஒரு நாள் தரவை எடுத்து, எதிர்பார்க்கும் அதிர்வெண்ணுக்கு இரு பக்கமும் சில மில்லிஹெர்ட்ஸ் தேடுங்கள். பல்சார் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 மில்லிஹெர்ட்ஸ் இறங்குகிறது. வெளியான ஓர் அதிர்வெண்ணிலிருந்து உங்கள் தேதிக்குக் கணக்கிட்டு வந்தால் தேடும் இடம் குறுகிவிடும். ஓர் அதிர்வெண்ணில் துடிப்பு இருக்கிறதா என்று பார்க்க ஸ்டிங்ரேயில் இருக்கும் இசட் வர்க்கச் சோதனை என்ற புள்ளியியல் சோதனை நன்றாகவே வேலை செய்யும். சில ஆயிரம் நொடித் தரவில் தெளிவான ஒரு முகடு எழ வேண்டும். எழவில்லையென்றால் மூன்றாம் படிக்குத் திரும்பிப் போங்கள். பத்துக்கு ஒன்பது முறை கோளாறு அங்கேதான்.

அந்த அதிர்வெண்ணில் ஃபோட்டான்களை மடித்தால் ஒடுங்கிய ஒற்றைத் துடிப்பு தெரியும். அகலம் சுற்றில் பத்தில் ஒரு பங்கு அளவு. ஒடுங்கிய துடிப்பு நமக்கு வரம். அது எங்கே நிற்கிறது என்று துல்லியமாகச் சொல்ல முடியும்.

சரி, இதையே துள்ளலுக்கு முந்தைய நாளிலும் பிந்தைய நாளிலும் செய்து இரண்டு அதிர்வெண்ணையும் கழித்தால் வேலை முடிந்ததா? முடியாது. 5,000 நொடித் தரவின் அதிர்வெண் பிரிதிறன் 200 மைக்ரோஹெர்ட்ஸ். துடிப்பு எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அதைப் பொறுத்துப் பிழை இதைவிடக் குறையும் என்றாலும், 20 மைக்ரோஹெர்ட்ஸ் துள்ளலை ஒற்றைக் கண்காணிப்பால் நம்பிக்கையோடு சொல்ல முடியாது. துள்ளல் எந்த ஒரு நாளின் தரவிலும் இல்லை. நாள்களுக்கு இடையே இருக்கிறது. அதனால்தான் அடுத்த படி.

5. சுற்றுகளை எண்ணுதல்

ஒவ்வொரு கண்காணிப்பிலிருந்தும் ஒரே ஓர் எண்ணை எடுக்கிறோம்: துடிப்பின் முகடு நிறை மையத்தை அடைந்த நேரம். நல்ல தரவுகள் சிலவற்றைச் சேர்த்து ஒரு மாதிரித் துடிப்பு வடிவம் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு நாளின் துடிப்பையும் அதோடு பொருத்தி நகர்வை அளந்தால் வருகை நேரமும் பிழையும் கிடைக்கும்.

இரண்டு வருகை நேரங்களுக்கு இடையே விண்மீன் முழு எண்ணிக்கையில் சுற்றியிருக்க வேண்டும். ஆனால் எத்தனை? பிரகாரம் சுற்றும் ஒருவரைக் கொடிமரத்தருகே அவ்வப்போது மட்டும் பார்க்கிறவருக்கு, இடையில் அவர் முடித்த சுற்றுகளின் எண்ணிக்கை தெரியாது. நடை வேகத்தை வைத்துத்தான் கணிக்க வேண்டும். நம் பல்சார் ஒரு நாளில் 53 லட்சத்துக்கும் அதிகமான சுற்றுகளை முடிக்கிறது. அதில் ஒன்றுகூடத் தவறக் கூடாது.

கணிக்கும் சூத்திரம் எளியது. சுற்று எண்ணிக்கை என்பது அதிர்வெண்ணைக் காலத்தால் பெருக்கி, அதோடு வேகக்குறைவையும் காலத்தின் வர்க்கத்தையும் பெருக்கியதில் பாதியைக் கழித்தது. வேகக்குறைவு என்ற உறுப்பு மட்டுமே ஒரு நாளில் முக்கால் சுற்றையும், பத்து நாளில் 75 சுற்றையும் மாற்றிவிடும். வேகக்குறைவின் மதிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை இருந்தால் 100 நாளில் ஏழு சுற்றுக்கு மேல் கணக்கு தவறும்.

எனவே நெருக்கமான கண்காணிப்புகளிலிருந்து தொடங்குங்கள். ஒரே நாளில் சில மணி நேர இடைவெளியில் இரண்டு தரவுகள் இருந்தால் அங்கே எண்ணிக்கையில் ஐயமில்லை. அதிலிருந்து மேம்பட்ட அதிர்வெண்ணைக் கொண்டு மறுநாளுக்குப் போங்கள். அங்கே கணிப்பின் பிழை சுற்றில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் இணைக்கலாம். பிறகு மூன்று நாள், ஒரு வாரம், இரண்டு வாரம். ஒவ்வொரு அடியிலும் கட்டம் (சுற்றில் துடிப்பு நிற்கும் இடம்), அதிர்வெண், வேகக்குறைவு ஆகிய மூன்று அளவுகளையும் மறுபடி பொருத்துங்கள். எங்காவது இரண்டு எண்ணிக்கைகளும் பொருந்துவதுபோல் தெரிந்தால் இரண்டையும் தனித்தனிக் கோப்பில் தொடருங்கள். தவறானது அடுத்த ஓரிரு தரவிலேயே சிதறிவிடும். பிண்ட் நூலகத்தின் வரைபடச் சாளரத்தில் இதைக் கையாலேயே செய்யலாம். தானியங்கி நிரல்கள் இருக்கின்றன. முதல் தடவை அவற்றைத் தொடாதீர்கள் என்பது என் கருத்து. கையால் எண்ணியவருக்கே எங்கே எண்ணிக்கை தவறும் என்ற உணர்வு வரும்.

6. துள்ளல் எப்படித் தெரியும்

உண்மையான வருகை நேரத்திலிருந்து கணித்த நேரத்தைக் கழித்தால் வருவது எச்சம். துள்ளலுக்கு முன்புவரை எச்சங்கள் பூஜ்ஜியத்தை ஒட்டிக் கிடைக்கோட்டில் இருக்கும். பிறகு ஒரு நாள் திடீரென்று கோடு உடைந்து கீழ்நோக்கிச் சரியத் தொடங்கும். விண்மீன் வேகம் கூடியதால் துடிப்புகள் கணித்ததற்கு முன்னதாகவே வருகின்றன.

சரிவு எவ்வளவு செங்குத்து என்று பார்ப்போம். 20 மைக்ரோஹெர்ட்ஸ் கூடினால் ஒரு நாளில் 1.7 சுற்று முந்திவிடும். ஏழு மணி நேரத்திலேயே அரைச் சுற்று போய்விடும். அரைச் சுற்றைத் தாண்டியதும் மென்பொருள் அதை மறுபக்கத்துக்குத் தள்ளிவிடும். எனவே ஒழுங்கான சரிவுக் கோட்டுக்குப் பதிலாக, மேலும் கீழுமாக இறைந்து கிடக்கும் புள்ளிகளைத்தான் முதலில் பார்ப்பீர்கள். கோட்டில் இருந்த புள்ளிகள் ஒரு தேதிக்குப் பின் மொத்தமாகச் சிதறினால் அதுதான் முதல் அடையாளம்.

அப்போது பழைய சூத்திரத்தை நீட்ட முயலாதீர்கள். சிதறலுக்குப் பிந்தைய தரவுகளை மட்டும் தனியாக எடுத்து, ஐந்தாம் படியைப் புதிதாகச் செய்யுங்கள். இப்போது இரண்டு சூத்திரங்கள் கையில் இருக்கும்: முந்தையது ஒன்று, பிந்தையது ஒன்று. இரண்டையும் ஒரே தேதிக்குக் கொண்டுவந்து அதிர்வெண்களைக் கழியுங்கள். அந்த வித்தியாசமே துள்ளலின் அளவு. வேகக்குறைவையும் ஒப்பிடுங்கள், துள்ளலுக்குப் பிறகு அது ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் சற்று அதிகரித்திருக்கும். இந்தச் சிறு மாற்றம் உடனே தெரியாது. முதல் பத்து நாளில் சுற்றில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே நகரும், ஒரு மாதத்தில்தான் அரைச் சுற்று ஆகும். ஆகவே துள்ளலுக்குப் பின் குறைந்தது ஒரு மாதத் தரவு இல்லாமல் அதைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள்.

துள்ளல் நடந்த நேரத்தைச் சொல்வது இன்னும் சிக்கல். துள்ளும் கணத்தில் கட்டம் மாறாது என்று எடுத்துக்கொண்டு இரண்டு சூத்திரங்களும் சந்திக்கும் நேரத்தைக் கண்டால் போதும் போலத் தோன்றும். ஆனால் இடைவெளியில் எத்தனை சுற்று என்பது தெரியாததால் சந்திப்புகள் பல வரும். 20 மைக்ரோஹெர்ட்ஸ் துள்ளலுக்கு அவை 14 மணி நேரத்துக்கு ஒன்றாக வரிசை கட்டும். இரண்டு கண்காணிப்புகளுக்கு இடையே மூன்று நாள் இருந்தால் ஐந்து நேரங்கள் சம தகுதியோடு நிற்கும். நேர்மையான வழி, இடைவெளியின் நடுவை நேரமாகவும் பாதி இடைவெளியைப் பிழையாகவும் கொடுப்பது.

வேலா பல்சாரில் மட்டும் இந்தக் குறை ஒருமுறை நீங்கியது. 2016 டிசம்பர் 12 அன்று டாஸ்மேனியாவின் மவுண்ட் பிளசன்ட் தொலைநோக்கி ஒவ்வொரு துடிப்பாகப் பதிவுசெய்துகொண்டிருக்கும்போதே துள்ளல் நிகழ்ந்தது. அந்த வேளையில் ஒரு துடிப்பு வரவே இல்லை. எக்ஸ் கதிர்ப் பல்சார்களில் ஒற்றைத் துடிப்பைப் பார்க்கும் அளவுக்கு ஃபோட்டான்கள் கிடைப்பதில்லை. ஆகவே இதற்கு ஆசைப்பட வேண்டாம்.

7. சந்தேகப்படுதல்

கையில் துள்ளல் கிடைத்த மகிழ்ச்சியில் இருப்பவருக்கு இந்தப் படி பிடிக்காது. இருந்தாலும் சொல்ல வேண்டும். அதிர்வெண் கூடியதோடு வேகக்குறைவும் கூடியிருக்கிறதா? இரண்டும் சேர்ந்து வருவதுதான் இந்தப் பல்சாரின் வழக்கம். ஒன்று மட்டும் வந்தால் சுழற்சித் தடுமாற்றமாக இருக்கலாம். மாற்றம் இரண்டு தரவுகளுக்கு இடையே முடிந்துவிட்டதா, வாரக்கணக்கில் இழுத்ததா? சிதறல் தொடங்கும் தேதியில் மென்பொருளின் பதிப்போ அளவீட்டுக் கோப்போ மாறியிருக்கிறதா? கடிகாரத் திருத்தக் கோப்பு அந்தத் தேதியைத் தாண்டி இருக்கிறதா? கடைசியாக, சிதறலுக்குப் பிந்தைய முதல் தரவை நீக்கிவிட்டு மறுபடி பொருத்துங்கள். விடை நிற்க வேண்டும்.

8. அடுத்ததைக் கணித்தல்

மற்றப் பல்சார்களில் அடுத்த துள்ளல் எப்போது என்று கேட்டால் கையை விரிப்பதைத் தவிர வழியில்லை. இங்கே அப்படியில்லை. மிடில்டிச் தலைமையிலான குழு 2006-இல் ஏழு ஆண்டுத் தரவில் 23 துள்ளல்களை வரிசைப்படுத்தியபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது: துள்ளல் எவ்வளவு பெரிதோ அடுத்ததற்கான காத்திருப்பும் அவ்வளவு நீளம். ஒரு மைக்ரோஹெர்ட்ஸுக்கு 6.5 நாள். 20 மைக்ரோஹெர்ட்ஸ் துள்ளல் என்றால் 130 நாள், 10 என்றால் 65 நாள். சில நாள் பிழைக்குள் இது பலித்தது. பின்னர் நைசர் கண்ட துள்ளல்களும் இந்த உறவை ஒட்டியே வந்தன.

உங்கள் அளவீட்டை 6.5-ஆல் பெருக்கிப் பாருங்கள். அடுத்த துள்ளலின் வெளியான தேதியோடு பொருந்தினால், நீங்கள் அளந்தது சரிதான் என்பதற்கு அது தனிச் சான்று.

இந்த உறவு ஒரு பக்கம் மட்டுமே வேலை செய்கிறது என்பதைக் கவனியுங்கள். கடந்த துள்ளலின் அளவு அடுத்த காத்திருப்பைச் சொல்லும். ஆனால் எவ்வளவு நாள் காத்திருந்தோம் என்பது வரப்போகும் துள்ளலின் அளவைச் சொல்லாது. உள்ளே ஏதோ ஒன்று சேர்ந்துகொண்டே போய் ஒரு குறிப்பிட்ட உச்ச வரம்பைத் தொட்டதும் விடுபடுகிறது. எவ்வளவு விடுபடும் என்பது ஒவ்வொரு முறையும் வேறு. மறுபடி அதே வரம்புக்கு ஏற எடுக்கும் காலம், விடுபட்ட அளவைப் பொறுத்தது. தரவு நேரடியாகச் சொல்வது இவ்வளவே. மீதி கோட்பாடு.

உள்ளே என்ன நடக்கிறது

பரவலாக ஏற்கப்படும் விளக்கம் 1975-இல் ஆண்டர்சனும் இட்டோவும் முன்வைத்தது. நியூட்ரான் விண்மீனின் மேலோட்டில் அணுக்கருக்களுக்கு இடையே நியூட்ரான்கள் மீப்பாய்மமாக, அதாவது உராய்வே இல்லாமல் ஓடும் பாய்மமாக, இருக்கின்றன. மீப்பாய்மம் மொத்தமாகச் சுழலாது; நுண்ணிய சுழிகளாகப் பிரிந்துதான் சுழலும். நம் பல்சாரின் வேகத்துக்குச் சதுர செண்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4 லட்சம் சுழிகள் இருக்க வேண்டும். மீப்பாய்மம் மெதுவாக வேண்டுமானால் சுழிகள் வெளிநோக்கி நகர்ந்து குறைய வேண்டும். ஆனால் அவை மேலோட்டின் அணுக்கருக்களில் மாட்டிக்கொண்டு நகர மறுக்கின்றன. காந்தப்புலத்தின் இழுப்பில் மேலோடு மெதுவாகிக்கொண்டே போகிறது. மீப்பாய்மம் பழைய வேகத்திலேயே சுழல்கிறது. வேறுபாடு வரம்பை மீறும்போது சுழிகள் கூட்டமாக விடுபட்டு வெளியே நகர்ந்து, தங்கள் கோண உந்தத்தை மேலோட்டிடம் கொடுத்துவிடுகின்றன. நாம் பார்ப்பது மேலோட்டின் துடிப்பைத்தான். ஆகவே அது வேகம் கூடியதாகத் தெரிகிறது.

மேலோடு உடையும் விண்மீன் நடுக்கமே காரணம் என்பது இதைவிடப் பழைய கருத்து. மிடில்டிச் குழு தன் கட்டுரைத் தலைப்பிலேயே நடுக்கம் என்றுதான் எழுதியது. இவ்வளவு பெரிய துள்ளலை இவ்வளவு அடிக்கடி உண்டாக்க மேலோட்டின் இறுக்கம் மட்டும் போதுமா என்பது எனக்கு ஐயம்தான். சுழிகளை விடுவிக்கும் தூண்டுகோலாக நடுக்கம் இருக்கலாம்.

முன்பு ஒத்திவைத்த விகிதம் இங்கே பயன்படும். 20 மைக்ரோஹெர்ட்ஸ் துள்ளலுக்குப் பின் 130 நாள் காத்திருப்பு. நாளொன்றுக்கு 17 வீதம் அந்த 130 நாளில் 2,200 மைக்ரோஹெர்ட்ஸுக்கு மேல் இழப்பு. திரும்பக் கிடைத்தது 20. ஏறத்தாழ 0.9 விழுக்காடு. விண்மீனின் மொத்த நிலைமத் திருப்புத்திறனில் குறைந்தது இந்த அளவு பங்கு மீப்பாய்மத் தேக்கத்தில் இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். வேலாவுக்கு இதே கணக்கு ஒன்றரை விழுக்காட்டைச் சுற்றி வருகிறது. மேலோட்டில் அவ்வளவு மீப்பாய்மம் இருக்கிறது என்று நீண்ட காலம் நம்பினார்கள். மேலோட்டு நியூட்ரான்கள் அணுக்கரு வரிசையால் இழுக்கப்பட்டு முழுச் சுதந்திரமாக நகர்வதில்லை என்று தெரிந்தபின், மேலோடு மட்டும் போதாது என்ற வாதம் 2012 வாக்கில் எழுந்தது. இன்னும் அது தீரவில்லை. மடிக்கணினியில் நீங்கள் அளக்கும் ஓர் எண் நேராக இந்த வாதத்துக்குள் போகிறது.

9. துள்ளல் அல்லாத மாற்றங்கள்

வரைபடத்தில் எல்லா உடைவும் நேர்கோடாகச் சரியாது. பிஎஸ்ஆர் பி0540−69 என்ற 50 மில்லி நொடிப் பல்சாரும் பெரிய மெகல்லன் மேகத்திலேயே, நம் பல்சாரிலிருந்து 16 கலை தூரத்தில் இருக்கிறது. ஒரு பாகை அகலப் பார்வை கொண்ட ஆர்எக்ஸ்டிஇ ஒன்றைப் பார்க்கும்போது மற்றதும் கூடவே பதிவாகிவிடும். 2011 டிசம்பரில் அதன் வேகக்குறைவு 36 விழுக்காடு கூடியது; கூடியது கூடியபடியே நின்றுவிட்டது. அதிர்வெண் துள்ளவில்லை. எச்ச வரைபடத்தில் இது பரவளையமாக, துடிப்புகள் நாளுக்கு நாள் மேலும் தாமதமாகும் திசையில் வளையும். பத்து நாளில் ஏறத்தாழ 25 சுற்று தாமதம். விண்மீனைச் சூழ்ந்த காந்தப்புலப் பகுதியான காந்தக்கோளத்தில் ஏதோ மாறியிருக்கிறது என்றே கருதப்படுகிறது.

கெஸ் 75 என்ற சூப்பர்நோவா எச்சத்தில் இருக்கும் பிஎஸ்ஆர் ஜே1846−0258 வேறு ரகம். 2006-இல் அது துள்ளியபோது மேக்னடார்களை, அதாவது மிக வலிய காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன்களை, போல எக்ஸ் கதிர் வெடிப்புகளையும் வெளியிட்டது. 1இ 2259+586 என்ற மேக்னடார் 2012-இல் எதிர்த்திசையில் துள்ளியது, அதாவது சட்டென்று வேகம் குறைந்தது. ஆகவே குறியைப் பார்த்ததும் பிழை என்று தூக்கி எறியாதீர்கள். முதலில் ஏழாம் படி.

10. விடையை எழுதிவைத்தல்

அளவு, பிழை, நேர எல்லை, வேகக்குறைவு மாற்றம், பயன்படுத்திய இடம், கோள் நிலைப் பட்டியல், ஒவ்வொரு இடைவெளிக்கும் எடுத்துக்கொண்ட சுற்று எண்ணிக்கை ஆகிய அனைத்தையும் கோப்பில் சேர்த்து வையுங்கள். கடைசியில் சொன்னதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் இன்னொருவர் உங்கள் கணக்கைத் திரும்பச் செய்ய முடியாது.

இத்தகைய சுற்றுக் கணக்கை எதிர்பார்த்துக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். லைகோ, விர்கோ, காக்ரா குழுவினர் இந்தப் பல்சாரிலிருந்து ஈர்ப்பு அலை வருகிறதா என்று தேடியபோது, சுழற்சி அதிர்வெண்ணின் இரு மடங்கான 124 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் எங்கே தேடுவது என்பதை நைசரின் சுழற்சிக் கணக்கே சொன்னது. 2021-இல் வெளியான முடிவின்படி அலை எதுவும் அகப்படவில்லை. விண்மீன் இழக்கும் சுழற்சி ஆற்றலில் 14 விழுக்காட்டுக்கு மேல் அவ்வழியில் போகவில்லை என்று வரம்பு கட்டினார்கள். ஒவ்வொரு துள்ளலுக்கும் முன்னும் பின்னும் கட்டத்தைத் தனித்தனியே பொருத்த வேண்டியிருந்ததால், அந்தத் தேடலும் துள்ளல் தேதிகளில் துண்டு துண்டாகவே நடந்தது.